இரண்டாம் பக்கத்து முகவரி

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இரண்டாம் பக்கத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு. தலைப்புப் பக்கத்தின் பின்புறம். முதல் பதிப்பு எப்போது, உரிமை யாருடையது, அச்சிட்ட இடம் எது, விலை என்ன. கவிதைத் தொகுதிகளைப் பொறுத்தவரை பல சமயம் உள்ளே இருப்பதைவிட இந்தப் பக்கத்தில் நிஜம் அதிகம் என்று நண்பர்களிடம் கேலியாகச் சொல்வதுண்டு. கேலி பாதிதான்.

1983-இலோ 84-இலோ காரைக்குடியில் ஒரு கடையில் மெலிந்த தொகுதி ஒன்றை எடுத்துப் புரட்டினேன். விக்ரமாதித்யனின் 'ஆகாசம் நீல நிறம்'. இரண்டாம் பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி: அன்னம் (பி) லிட்., சிவன் கோயில் தெற்குத் தெரு, சிவகங்கை. திருவல்லிக்கேணியும் தியாகராயநகரும் ராயப்பேட்டையுமே அச்சாகிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எழுத்துப் பிழைபோல் தெரிந்தது. காரைக்குடியில் மானாமதுரை ரயில் ஏறினால் கல்லலைத் தாண்டி வருகிற ஊர் சிவகங்கை. அங்கே அரண்மனை உண்டு, கோர்ட் உண்டு, கல்லூரி உண்டு. புதுக்கவிதை அச்சாகிற இடமாக அதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பதிப்பு என்பது ஊரைவிட்டுப் போய்ச் செய்கிற காரியம்.

செட்டிநாடு என்று பெயரிட்டு அழைக்கிற இந்த எழுபத்துச் சொச்சம் ஊர்களில் அச்சுப் பித்து பிடித்தவர்களுக்கு ஒருபோதும் குறைவில்லை. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919-இல் பாரதி அங்கே வந்து போனார். சொ. முருகப்பாவின் 'குமரன்', ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்' எல்லாம் அந்தக் காற்றில் முளைத்தவை. புதுமைப்பித்தன் 'ஊழிய'னில் கொஞ்ச காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுக் கசந்து விலகியது நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிறகு வந்த தலைமுறை நேராகச் சென்னைக்கே போய்விட்டது. ராயவரத்து வை. கோவிந்தன் பர்மாவில் இருந்து திரும்பிய கையோடு சென்னையில் 1939-இல் 'சக்தி'யைத் தொடங்கினார். பெங்குவின் புத்தகங்களைப் பார்த்து அப்படித் தமிழில் செய்ய வேண்டுமென்று ஆசைப்பட்ட மனிதர். தி. ஜ. ர.வும் ரகுநாதனும் கு. அழகிரிசாமியும் அங்கே வேலை பார்த்தார்கள். பாரதியார் கவிதைகள் முழுவதையும் 1957-இல் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். 1966-இல் இறந்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தேவகோட்டைச் சின்ன அண்ணாமலையின் தமிழ்ப் பண்ணை சென்னையில். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 'தென்றல்' நடத்தியது சென்னையில். கடைசியில் கோட்டையூர் ரோஜா முத்தையா. போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டு ஒரு லட்சத்தை எட்டுகிற அளவு நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் சேர்த்து வைத்த மனிதர். 1992-இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-இல் நூலகமாக்கிற்று. அதுவும் சென்னையில்.

குறையாகச் சொல்லவில்லை. கோட்டையூரில் கிடந்திருந்தால் அந்தக் காகிதமெல்லாம் கரையானுக்குப் போயிருக்கும் என்பது எனக்கும் தெரியும். லேவாதேவிக்கு ரங்கூனும் பினாங்கும், அச்சுக்குச் சென்னை. பணம் எங்கே புரளுமோ அங்கே கடை வைப்பது இந்தச் சீமையின் புத்தி. ஊரில் வீடு இருக்கும், படி இருக்கும், தூண் இருக்கும். தொழில் வெளியே.

ஆகவே, சிவகங்கையிலேயே உட்கார்ந்து, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டு, புதுக்கவிதையும் நாவலும் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிய ஒருவரை வைத்துப் பார்க்கிறபோது இந்த வட்டாரத்தின் அச்சு வரலாறே வேறு முகம் கொள்கிறது. அவர் செட்டியாரும் அல்ல, முதலாளியும் அல்ல. மீ. ராஜேந்திரன். பெயரின் இரண்டு முதலெழுத்துக்களைச் சேர்த்து மீரா.

அவரை நான் சந்தித்ததில்லை. இது நினைவுக் குறிப்பு அல்ல. புத்தகங்களை வைத்து எழுதுகிறேன்.

1938 அக்டோபர் 10-இல் சிவகங்கையில் பிறந்தவர். மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தார். அந்தக் கல்லூரியை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம். அப்துல் ரகுமான், நா. காமராசன், இன்குலாப் என்று அடுத்தடுத்து அங்கே தமிழ் படித்து வெளிவந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், திராவிட இயக்கத்தின் மேடைத் தமிழும் பண்டிதர்களின் சங்கத் தமிழும் ஒரே வகுப்பறையில் உராய்ந்ததில் பிறந்த தீப்பொறி என்றே சொல்லத் தோன்றும். மீராவின் ஆரம்பக் கவிதைகள் மரபு யாப்பில், பாரதிதாசன் வழியில் வந்தவை. சந்தம் கைக்கு வந்தவர். அதை அவரே விட்டார்.

1971-இல் 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்' வந்தது. கணக்குப் போட்டதுபோல் ஒரு தலைப்பு. உள்ளே வசனத்தில் காதல். கல்லூரி விடுதிகளில் அது கைமாறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதிப்புக்கு மேல் பதிப்பு. ஒரு தலைமுறை காதல் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டது அதில்தான். 1974-இல் 'ஊசிகள்'. அரசியல் அங்கதம், சிறிய கவிதைகள், முனையில் ஒரு குத்து.

இவற்றை நம்முடைய பக்கங்கள் எப்படி வரவேற்றன? வரவேற்கவில்லை. 1959 முதல் 1970 வரை செல்லப்பா 'எழுத்து' நடத்தி ஒரு ரசனையை உண்டாக்கியிருந்தார். அடுத்து 'நடை', 'கசடதபற'. உரக்கப் பேசினால் கவிதை இல்லை, கைதட்டு வாங்கினால் கவிதை இல்லை என்பது நமக்கு வேதம். 1971-இல் கோவையில் 'வானம்பாடி' வந்தபோது அதன் மீதும் அதன் திசையில் எழுதிய எல்லோர் மீதும் நம் விமர்சகர்கள் பாய்ந்தார்கள். மீராவை அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே எண்ணினோம். நானும் அந்தக் காலத்தில் ஒரு சிறு பத்திரிகையில் 'ஊசிகள்' பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஊசி குத்துகிறது, தைக்கவில்லை என்று முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

தீர்ப்பை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'காகிதங்கள்' இருபது வயதுக்கான புத்தகம். 'ஊசிகள்' அதன் காலத்துச் செய்தித்தாளோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஒரு நாலைந்து கவிதை தப்பும். மனிதர் போய்விட்டார் என்பதற்காகக் கவிதையை உயர்த்திப் பேசுவது அவருக்கும் மரியாதை இல்லை. ஆனால் நான் தீர்ப்புச் சொன்னது ஆளின் பாதிக்கு. மறுபாதியை இரண்டாம் பக்கங்களில் படித்துக்கொண்டே இருந்தும் அதைப் பற்றி எழுதவில்லை. வல்லிக்கண்ணன் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதியபோது பத்திரிகை பத்திரிகையாகப் போனார். அது நேர்மையான வழி. பின்னால் எழுதியவர்களும் யார் எந்தப் பத்திரிகையில் எந்தக் கவிதையை எழுதினார் என்றே போனார்கள். அச்சுக்கூலிக்கு யார் ஜாமீன் நின்றது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

மீரா வேலை பார்த்தது சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில். 1947-இல் ஏற்பட்டது அது. காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி தொடங்கிய அதே ஆண்டு. பின்னர் அரசு கலைக் கல்லூரியாயிற்று. தமிழாசிரியர், ஆசிரியர் சங்கக்காரர், போராட்டங்களில் முன்னால் நின்றவர்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எழுத்து மரபில் வந்தவர்களின் பிழைப்பைக் கவனியுங்கள். பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை. சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக் கடை. நகுலன் ஆசிரியர்தான், ஆனால் ஆங்கிலத்துக்கு. மறுபக்கம் ரகுமான் வாணியம்பாடியில், சிற்பி பொள்ளாச்சியில், மீரா சிவகங்கையில், எல்லோரும் தமிழாசிரியர்கள். நாம் இதை ஒரு குறையாகவே பேசினோம். 'தமிழ் வாத்தியார் கவிதை' என்று ஒரு வசைச்சொல்லே இருந்தது. வாத்தியார் கவிதை எழுதினால் பாடம் மாதிரி இருக்கும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வாத்தியாருக்கு இருக்கிற இன்னொன்று குமாஸ்தாவுக்கு இல்லை. வருஷா வருஷம் அவர் முன்னால் புதிய முகங்கள் வந்து உட்காருகின்றன. யாருக்குப் படிக்கத் தோன்றுகிறது, எந்த இடத்தில் கண் விரிகிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்பது தினமும் தெரிகிறது. வாசகன் என்பவன் அவருக்கு ஒரு கற்பிதம் அல்ல. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனாரே, அவர் தேடிப் போன இடத்தில் மீரா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இதைத் தவிர மாதச் சம்பளம் ஒன்று. அன்னத்தின் முதல் மூலதனம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

அன்னம் 1974-இல் தொடங்கிற்று. அதே ஆண்டு சென்னையில் க்ரியா. தமிழ்ப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் க்ரியாவைச் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும், தமிழ்ப் புத்தகம் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்பதை அது மாற்றியது. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு முளைத்தன என்பதையும், ஒன்று சின்ன ஊரில் முளைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சின்ன ஊரில் அச்சு என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருஷம் புரூப் பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், ரசீது புத்தகம்; இதுதான் சோறு. நடுவில் யாராவது ஒரு புத்தகம் கொண்டுவந்தால் முதலாளிக்கு முகம் சுருங்கும். ஏனென்றால் எழுத்து போதாது. கேஸில் இருக்கிற ஈயத்தை வைத்துப் பதினாறு பக்கம் கோர்த்தால் 'க'வும் 'ம'வும் தீர்ந்துவிடும். அந்தப் பாரத்தை ட்ரெடிலில் ஓட்டி, பிரித்து, எழுத்துக்களை அறை அறையாகத் திரும்பப் போட்டால்தான் அடுத்த பாரம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் புத்தகம் பரணுக்குப் போகும். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருகிற வரை 'லை', 'னை', 'றா', 'ணா' என்று பதின்மூன்று எழுத்துக்குத் தனித்தனி வார்ப்பு. ஏதாவது ஒன்று உடைந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ ஆள் போக வேண்டும். புதுக்கவிதை என்றால் கம்பாஸிட்டருக்குக் கூடுதல் எரிச்சல். வரி பாதியில் நிற்கிறதே, விட்டுப்போயிற்றோ என்று அடுத்த வரியை மேலே இழுத்துச் சேர்த்துவிடுவார். என் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, பேப்பர் சும்மா கெடக்கு, நெரப்பிட்டா என்ன?" என்று கேட்டிருக்கிறார். கவிதையின் வெற்றிடத்தைப் பற்றி அதைவிட நேரான கேள்வியை நான் எந்த விமர்சகரிடமும் கேட்டதில்லை.

இந்தச் சூழலில் ஒரு கவிஞர் தனக்கென்று பதிப்பகம் வைத்து, பின்னர் அகரம் என்று அச்சகமும் வைத்தார் என்றால் அது கௌரவத்துக்காக இருக்காது. கவிதைப் புத்தகம் முகூர்த்த மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

சரி, என்ன அச்சிட்டார்? என் கட்டுரையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

தன் மாதிரி எழுதியவர்களை மட்டும் அவர் போட்டிருந்தால் அது ஒரு கோஷ்டிப் பதிப்பகம். நானும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அபியின் 'மௌனத்தின் நாவுகள்' 1974-இல் வந்தது, அன்னம் வெளியீடாக. 'ஊசிகள்' வந்த அதே ஆண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தெருவில் நின்று பேசுகிறது. மற்றது பேச்சே இல்லாத இடத்தைத் தேடிப் போகிறது. அபியின் அரூபக் கவிதைக்கு அன்றைக்கு வாசகர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணியிருக்கலாம். சந்தையில் விலைபோகிற குரல் தன்னுடையது என்று தெரிந்த ஒருவர், விலைபோகாத குரலுக்குக் காகிதம் வாங்கியிருக்கிறார். எண்பதுகளில் நவகவிதை வரிசை என்று இளம் கவிஞர்களுக்காக ஒரு வரிசையே தொடங்கினார். 'ஆகாசம் நீல நிறம்' 1982-இல் வந்தபோது விக்ரமாதித்யனுக்கு என்ன பெயர் இருந்தது? அந்தப் புத்தகம்தான் பெயர்.

உரைநடையில் கி. ராஜநாராயணன். கல்லூரி வாசலை மழைக்குக்கூட ஒதுங்காதவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982-இல் அன்னம் போட்டது. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலை அது. எழுத்தாளரே ஊர் ஊராகச் சேகரித்ததைக் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் கைக்காசில் அச்சிட்டார். அகராதி அச்சிடுவது கவிதை அச்சிடுவதைவிடப் பெரிய தண்டனை. ஒவ்வொரு சொல்லும் பேச்சு வழக்கு, கம்பாஸிட்டர் ஒவ்வொன்றையும் 'திருத்தி'விடப் பார்ப்பார். பிறகு 'கரிசல் காட்டுக் கடுதாசி'. பிறகு 'கோபல்லபுரத்து மக்கள்'. அதற்கு 1991-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கி. ரா.வை வாசகர்கள் தேடிப்போன காலத்தில் அவர்கள் கைக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிவகங்கை முகவரிதான்.

நாம் கட்டுரைகளில் அணி பிரித்துக்கொண்டிருந்தோம். இந்த மனிதர் தன் அணிக்கு வெளியே இருந்தவர்களை, தன் கவிதைக் கொள்கையையே மறைமுகமாக மறுத்தவர்களை, வரிசையாக அச்சேற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கவிதையில் நான் தேடிக் கிடைக்காத விமர்சனப் பிரக்ஞை, அவருடைய வெளியீட்டுப் பட்டியலில் இருந்தது. ஒரு கவிதை நல்லதா என்று எழுதுவதற்குப் பேனா போதும். ஆயிரம் பிரதி அடித்து வீட்டுத் திண்ணையில் அடுக்க வேண்டுமென்றால் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வேறு ஏதோ வேண்டும். என் அரைப் பக்கக் கட்டுரையில் நான் எதையும் பணயம் வைக்கவில்லை.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே தொகுதியை அன்னத்துக்கு அனுப்பவில்லை. அந்த அரைப் பக்கத்தை எழுதிவிட்டு எந்த முகத்தோடு அனுப்புவது? சென்னையில் ஒரு பதிப்பாளரிடம் பணம் கட்டிப் போட்டேன். ஒரு வருஷம் கழித்து லாரி சர்வீஸில் ஒரு கட்டு வந்தது. முந்நூறு பிரதி. மீதி என்னவாயிற்று என்று எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் என் இனிஷியல் தப்பு.

அன்னம் நடந்த ஆண்டுகளில் மீராவின் சொந்தக் கவிதை என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். 'ஊசிக'ளுக்குப் பிறகு, அந்த இரண்டு தொகுதிகளின் பெயருக்கு நிகராக அவர் கவிதையில் எதுவும் நிற்கவில்லை. 'கவி', 'அன்னம் விடு தூது' என்று இதழ்கள் நடத்தினார். கட்டுரைகள் எழுதினார். வெகு தாமதமாக 'குக்கூ' வந்தது, மூன்று நாலு வரிகளில் சிறு கவிதைகள். ஒரு காலத்தில் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்ட கவிஞர், பிறர் கவிதைகளுக்கு மெய்ப்புப் பார்த்தபடி தன்னுடையதைத் தள்ளிப் போட்டார் என்று வைத்துக்கொண்டால் அது தியாகமாகத் தோன்றும். எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கவில்லை. அபியையும் விக்ரமாதித்யனையும் எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்துகிறவனுக்குத் தன் பழைய குரலில் தொடர்ந்து எழுதுவது கூசியிருக்கலாம். நல்ல பதிப்பாளனுக்கு வருகிற கூச்சம் அது. இது ஊகம்தான், ஆனால் அவரது மௌனத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். வை. கோவிந்தன் பதிப்பில் சொத்தை இழந்தார் என்று சொல்கிறோம். கணக்கில் வராத இழப்பும் உண்டு.

மீரா 2002 செப்டம்பர் 1-இல் காலமானார். அவருக்குப் பின் அன்னம் அவர் மகனின் பொறுப்பில் தஞ்சாவூரிலிருந்து நடக்கிறது. பழைய புத்தகங்கள் புதிய முகவரியோடு திரும்ப வந்திருக்கின்றன. அச்சு சுத்தம், காகிதம் வெள்ளை. என்னிடம் இருக்கிற சிவகங்கைப் பிரதிகளின் காகிதம் பழுப்பேறி, ஓரத்தில் தொட்டால் பொடியாகிறது. 'ஆகாசம் நீல நிற'த்தின் பின்னட்டை போய்விட்டது. சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்து படிக்கக் கேட்டார். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, இதை இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்றேன். அவர் நேராகக் கவிதைக்குப் போனார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.